நூறு படம் சேவ் பண்றதுக்குப் பதிலா ஒரே ஒரு வேலையைத் தோண்டிப் பாருங்க

நீங்க கேட்டது சுருக்கமா இதான்: கிராஃபிக் டிசைன் பண்றீங்க, தினமும் ஆர்ட், டிசைன், ஆர்க்கிடெக்சர்னு நூத்துக்கணக்குல படம் பாத்து சேவ் பண்ணி வைக்கிறீங்க, ஆனா வேலைன்னு உக்காந்தா அதுல ஒண்ணும் கைகொடுக்க மாட்டேங்குது, அதனால நெஜமாவே உத்வேகம் தர்ற இந்தக் காலத்து வேலைகள் எதுன்னு யாராவது சொல்லுங்கன்னு.

சொல்றேன், ஆனா வெறும் லிஸ்டா குடுத்தா அதையும் சேவ் பண்ணி வச்சிட்டுப் போயிடுவீங்க, அதனால கொஞ்சம் வளவளன்னுதான் எழுதப்போறேன், பொறுத்துக்கோங்க. எனக்குத் தெரிஞ்சு கோளாறு எங்கன்னா, படத்துல தெரியுறது ஒரு வேலை முடிஞ்சு தொடச்சு வச்ச பிறகு எடுத்த நிமிஷம். அதுக்கு முன்னாடி அந்த ஆளு என்ன சிக்கல்ல மாட்டுனாரு, கையில என்ன இருந்துச்சு, எதை வேணாம்னு தள்ளுனாரு, எந்த இடத்துல துணிஞ்சு ஒரு முடிவு எடுத்தாரு, இது எதுவும் படத்துல இருக்காது. நமக்கு உதவுறது அந்த முடிவுதான். அதனால நான் சொல்ற ஒவ்வொண்ணுலயும் அந்த முடிவை மட்டும் கவனிங்க, லுக்கை விட்டுருங்க.

முதல்ல ஜெர்மனியில வயல் நடுவுல தனியா நிக்கிற ஒரு சின்ன சேப்பல், அதாவது குட்டி ஜெபக்கூடம். புரூடர் க்ளாஸ் சேப்பல்னு பேரு, பீட்டர் ஸும்தோர்ங்கிற சுவிஸ் ஆர்க்கிடெக்ட் பண்ணது, 2007ல முடிஞ்சுது. வெளிய பாத்தா 12 மீட்டர் உசரத்துல ஒரு மொட்டை கான்கிரீட் கட்டை, முக்கோணமா ஒரு கதவு, அவ்ளோதான். ஒரு விவசாயத் தம்பதி தங்க நிலத்துல கட்டித் தரச்சொல்லி கேட்டு வந்தது. இதை எப்படிக் கட்டுனாங்கங்கறதுதான் விஷயமே. 112 மரத்தண்டுகளைக் கொண்டுவந்து மேல ஒண்ணோட ஒண்ணு சாயுற மாதிரி கூடாரமா நிக்க வச்சாங்க, அதுதான் உள்பக்க சென்ட்ரிங், கான்கிரீட் இறுகுற வரைக்கும் தாங்கிப் பிடிக்கிற அச்சு. அதைச் சுத்தி ஒரு நாளைக்கு ஒரு அடுக்குன்னு அரை மீட்டர் கான்கிரீட் போட்டு இடிச்சு இறுக்குனாங்க, மொத்தம் 24 அடுக்கு, இதுல ஊர்க்காரங்களே சேந்து வேலை செஞ்சிருக்காங்க. கான்கிரீட் இறுகுனதும் எல்லாரும் என்ன பண்ணுவோம், சென்ட்ரிங்கைக் கழட்டுவோம், இவங்க அதை எரிச்சாங்க. கொழுந்துவிட்டு எரியாம மெதுவா புகையுற தீயா மூணு வாரம். மரம் காஞ்சு சுருங்கி சுவரை விட்டு வந்ததும் எடுத்துட்டாங்க.

இப்ப உள்ள போனா சுவர் முழுக்க மரம் இருந்த இடம் குழிகுழியா, நெடுநெடுன்னு மேல வரைக்கும், கரிப்பிடிச்ச கறுப்பா இருக்கும். மேல கூரையே கிடையாது, கண்ணீர்த்துளி வடிவத்துல திறந்தே இருக்கு, மழை பெஞ்சா நேரா தரையில விழும், அந்தத் தரையும் ஈயத்தை உருக்கி ஊத்துனது. இன்னொண்ணு, கான்கிரீட் போடும்போது ரெண்டு பக்க சென்ட்ரிங்கையும் இழுத்துப் பிடிக்க குறுக்க கம்பி விடுவாங்கல்ல, அந்த ஓட்டையெல்லாம் சாதாரணமா சிமெண்ட் வச்சு பூசி மறைப்பாங்க, இவரு ஒவ்வொண்ணுலயும் ஒரு கண்ணாடிக் குமிழை வச்சுட்டாரு. வெளிச்சம் அது வழியா புள்ளிபுள்ளியா வருது. சேப்பலுக்கு அலங்காரம்னு தனியா எதுவும் டிசைன் பண்ணல, கட்டுன வேலை விட்டுட்டுப் போன அடையாளமே அலங்காரம் ஆயிடுச்சு. சேவ் பண்ண படத்துல இது வெறும் "டார்க் மூடி இன்டீரியர்"னு தெரியும். சென்ட்ரிங்கை எரிச்ச கதை தெரிஞ்சா அதுல இருந்து ஒரு கேள்வி கிடைக்கும்: என் வேலையில நான் மறைக்கிற, அழிக்கிற தடம் எது, அதை விட்டு வச்சா என்ன ஆகும்? எழுத்துரு டிசைன் பண்ற ஆளுக்கும் பிரிண்ட் பண்ற ஆளுக்கும்கூட இந்தக் கேள்வி செல்லும்.

இதே ரகத்துல இன்னொண்ணு ஜப்பான்ல, டெஷிமா தீவுல. ரியூயே நிஷிசாவான்னு ஆர்க்கிடெக்ட், ரெய் நைட்டோன்னு ஆர்ட்டிஸ்ட், ரெண்டு பேரும் சேந்து பண்ண மியூசியம், 2010ல திறந்தாங்க. மியூசியம்னு சொல்றேன் ஆனா உள்ள ஓவியம் சிலைன்னு எதுவும் மாட்டி வைக்கல. சுமார் 40க்கு 60 மீட்டர் அகலத்துல 25 செ.மீ. கனத்துல ஒரு கான்கிரீட் ஓடு, நடுவுல ஒரு தூண்கூட கிடையாது, உசந்த இடமே நாலரை மீட்டருக்குள்ளதான். சென்ட்ரிங்குக்குப் பதிலா மண்ணை மேடா குவிச்சு, அது மேல கான்கிரீட் போட்டு, இறுகுனதுக்கு அப்பறம் அடியில இருந்த மண்ணைத் தோண்டி வெளிய எடுத்தாங்க. பலகையில செஞ்சிருந்தா ஜாயிண்ட் தெரியும், மண்ணுங்கறதால அவ்ளோ மழமழன்னு வந்துருக்கு. மேல ரெண்டு பெரிய ஓட்டை, அது வழியா காத்து, மழை, இலை, பூச்சி எல்லாம் உள்ள வரும். தரையில கண்ணுக்கே சரியா தெரியாத ஓட்டைகள்ல இருந்து தண்ணி சொட்டுச்சொட்டா கசியுது, தரை தண்ணியை ஒட்டவிடாத மாதிரி பண்ணிருக்கறதால அந்தச் சொட்டு உருண்டு போயி இன்னொரு சொட்டோட சேந்து, இழுத்துக்கிட்டு ஓடி, எங்கயோ குட்டையா தேங்குது. ஷூவைக் கழட்டிட்டு உள்ள போன ஜனங்க தரையில உக்காந்து இந்தத் தண்ணியையே பாத்துட்டு இருப்பாங்க. சட்டவிரோதமா தொழிற்சாலைக் கழிவைக் கொண்டுவந்து கொட்டி நாசம் பண்ணி, அதுக்காக வருஷக்கணக்கா ஊர்க்காரங்க போராடுன தீவு அது, அங்க போயி தண்ணி ஊறுறதையே கலையா வச்சுருக்காங்கன்னா அது சும்மா அழகுக்கு பண்ணது இல்ல.

சரி இப்ப நேர் எதிர்ப்பக்கம் போவோம், ஒண்ணுமே பண்ணாத ஒரு வேலை. எனக்கு ரொம்பப் பிடிச்சதே இதுதான், இதுக்குப் பெருசா காட்டுற மாதிரி படம் கிடையாதுங்கறதால யாரும் சேவ் பண்ண மாட்டாங்க. 1996ல பிரான்ஸ்ல போர்தோ நகரத்துல லியோன் ஒக்கோக்னு ஒரு சின்ன சதுக்கம், அதை அழகுபடுத்தித் தாங்கன்னு நகராட்சி ஆன் லகாட்டோன், ஜான் ஃபிலிப் வசால்ங்கிற ஆர்க்கிடெக்ட் ஜோடிகிட்ட குடுத்துச்சு. இவங்க போனாங்க, மறுபடி மறுபடி போயி உக்காந்து பாத்தாங்க, அங்க வாழுறவங்ககிட்ட பேசுனாங்க. மரம் இருக்கு, பெஞ்ச் இருக்கு, வயசானவங்க குண்டு உருட்டி விளையாடுறாங்க, எல்லாரும் நல்லாதான் இருக்காங்க. ரிப்போர்ட்ல எழுதுனது என்னன்னா, இந்த இடம் ஏற்கனவே அழகா இருக்கு, சரளைக்கல்லை மாத்துங்க, அடிக்கடி கூட்டுங்க, மரத்துக்கு வைத்தியம் பாருங்க, அவ்ளோதான். டிசைன் முடிஞ்சுது.

சோம்பேறித்தனம்னு தோணுனா அதே ஆளுங்க அதே ஊர்ல பின்னாடி பண்ணதைப் பாருங்க. கிரான் பார்க்னு 1960கள்ல கட்டுன மூணு அடுக்குமாடி, 530 வீடு. இந்த மாதிரி பழைய சோஷியல் ஹவுசிங், அதாவது குறைஞ்ச வாடகைக்கு விடுற பொதுக் குடியிருப்புன்னா பல ஊர்ல இடிச்சுட்டு புதுசு கட்டறதுதான் வழக்கம். இவங்க இன்னும் ரெண்டு ஆர்க்கிடெக்ட்டோட சேந்து, இடிக்கவே வேணாம், இருக்கறதோட சேத்துக் கட்டுவோம்னாங்க. பழைய சுவர்ல இருந்த சின்ன ஜன்னலைப் பெருசாக்கி, வெளிப்பக்கம் கிரேன் வச்சு ரெடிமேட் கான்கிரீட் தளங்களை அடுக்கி, ஒவ்வொரு வீட்டுக்கும் 3.8 மீட்டர் ஆழத்துல கண்ணாடி போட்ட ஒரு ரூம் மாதிரி, பால்கனி மாதிரி, எதுக்கு வேணா வச்சுக்கற இடம் குடுத்தாங்க. ஒரு வீட்டுக்கு சுமார் ரெண்டு வாரம்தான் வேலை, ஆளுங்க அந்த வீட்டுலயே குடியிருக்கும்போதே நடந்துச்சு. அந்தப் புது இடத்துக்கு என்ன பேரு வைக்கணும், எதுக்கு யூஸ் பண்ணணும்னு யாரும் சொல்லல, ஒருத்தர் செடி வச்சாரு, ஒருத்தர் சைக்கிள் வச்சாரு. 2019ல இதுக்கு ஐரோப்பாவோட மீஸ் வான் டெர் ரோ ஆர்க்கிடெக்சர் அவார்டும், 2021ல இந்த ஜோடிக்கு ஆர்க்கிடெக்சர்லயே பெரிய விருதான பிரிட்ஸ்கரும் கிடைச்சுது. நம்ம ஃபீல்டுல ஒரு பழைய லோகோவைக் குடுத்து ரீடிசைன் பண்ணுங்கன்னா முதல் வேலையா அதைத் தூக்கிப் போடுறோம்ல, அப்ப இவங்களை நெனச்சுக்கோங்க.

பணம் பத்தாதப்ப என்ன பண்றதுங்கறதுக்கு சிலியோட இகிக்கேல 2004ல முடிஞ்ச கின்டா மொன்ராய்னு ஒரு குடியிருப்பு இருக்கு. ஆர்க்கிடெக்ட் அலெஹான்ட்ரோ அரவேனாவோட எலெமென்டல்ங்கிற டீம் பண்ணது. ஒரு குடும்பத்துக்கு அரசாங்க உதவி 7,500 டாலர், நிலம் உட்பட எல்லாம் அதுக்குள்ள, நிலமோ நகர நடுவுல. முழு வீடு கட்ட வராது. எல்லாரும் என்ன பண்ணுவாங்கன்னா சின்னதா ஒரு மோசமான வீடு கட்டுவாங்க, இல்லனா ஊருக்கு வெளிய தள்ளுவாங்க. இவங்க நல்ல வீட்டோட பாதியைக் கட்டுனாங்க, அதுவும் எந்தப் பாதின்னு யோசிச்சு, குடும்பமே தனியா கட்டிக்க முடியாத ஸ்ட்ரக்சர், படிக்கட்டு, கிச்சன், பாத்ரூம் இதை முடிச்சுட்டு பக்கத்துல அதே அளவு காலி இடம் விட்டாங்க, மிச்சத்தை குடும்பங்க சொந்தமா கட்டிக்கிட்டாங்க. முதல் நாள் எடுத்த போட்டோ வெறிச்சுன்னு இருக்கும், குடி வந்து கட்டிக்கிட்ட பிறகு எடுத்ததைத் தேடிப் பாருங்க, ஒவ்வொரு இடைவெளியிலயும் ஒரு கலர், ஒரு ஜன்னல், ஒரு கோணல். அதுதான் முடிஞ்ச டிசைன்.

ஷிகெரு பான் பத்தி நெறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும், பேப்பர் குழாய்ல கட்டுற ஜப்பான் ஆர்க்கிடெக்ட். ஜப்பான்ல கோபே பூகம்பம் 1995ல வந்தப்ப பீர் கிரேட்ல மணல்மூட்டை வச்சு அஸ்திவாரம், மேல அட்டைக்குழாய் சுவர்னு வீடு கட்டிக் குடுத்தாரு, அதே வருஷம் 58 பேப்பர் குழாய்ல ஒரு சர்ச்சும் தன்னார்வலர்களை வச்சு கட்டுனாரு. தற்காலிகமா கட்டுன சர்ச் பத்து வருஷம் நின்னுச்சு, அப்பறம் பிரிச்சு எடுத்துட்டுப் போயி தைவான்ல மறுபடி நிறுத்திட்டாங்க. ஆர்க்கிடெக்ட் ஃபிரான்சிஸ் கெரேயும் அப்படித்தான், ஆப்பிரிக்காவுல பர்கினா ஃபாசோ நாட்டுல தான் பொறந்த காண்டோ கிராமத்துல, பெர்லின்ல படிச்சிட்டு இருக்கும்போதே பணம் திரட்டி 2001ல ஸ்கூல் கட்டுனாரு. மண்ணுலன்னு சொன்னதும் ஊர்ல யாருக்கும் நம்பிக்கை இல்ல, மண்சுவர் மழைக்கு நிக்காதுன்னு அவங்களுக்குத் தெரியும்ல. மண்ணுல கொஞ்சம் சிமெண்ட் கலந்து செங்கல் அறுத்தாரு, தகரக்கூரையை சுவர் மேல நேரா வைக்காம சாதாரண கட்டடக் கம்பியை வெல்டிங் பண்ணி செஞ்ச சட்டத்து மேல தூக்கி வச்சாரு, அது சுவரைத் தாண்டி நீட்டிக்கிட்டு மழையையும் தடுக்குது, இடையில காத்து ஓடி சூட்டையும் எடுத்துட்டுப் போவுது. 2022ல பிரிட்ஸ்கர் வாங்குனாரு, அதை வாங்குன முதல் ஆப்பிரிக்கர் இவர்தான்.

ஆர்ட் பக்கம் வருவோம். இங்கதான் ஆளாளுக்கு "இதெல்லாம் நானே பண்ணிருவேன்"னு சொல்றது. டோரிஸ் சல்செடோன்னு கொலம்பியா ஆர்ட்டிஸ்ட், 2007ல லண்டன்ல டேட் மாடர்ன்ங்கிற ஆர்ட் மியூசியத்தோட பெரிய டர்பைன் ஹாலுக்குள்ள எதையும் கொண்டுவந்து வைக்கல, தரையில 167 மீட்டர் நீளத்துக்கு ஒரு விரிசல் விட்டாங்க. ஒரு முனையில மயிரிழை மாதிரி ஆரம்பிச்சு, போகப்போக கால் உள்ள போற அளவுக்கு அகலமாகும், உள்ள எட்டிப் பாத்தா சுவர்ல வேலி போடுற கம்பிவலை பதிஞ்சிருக்கும். எல்லை, இனவெறி, உள்ள விடாம வெளிய நிறுத்துறது, இதைப் பத்தின வேலை. கண்காட்சி முடிஞ்சதும் அடைச்சுட்டாங்க, ஆனா அடைச்ச தழும்பு தரையில இன்னிக்கும் இருக்கு. அவ்ளோ பெரிய ஹால் குடுத்தா எவனும் உசரத்தை நிரப்பத்தான் பாப்பான், இவங்க கீழ பாத்தாங்க. (அதே ஹால்ல 2010ல ஐ வெய்வெய்ங்கிற சீன ஆர்ட்டிஸ்ட் கையால பெயின்ட் பண்ண பத்து கோடி பீங்கான் சூரியகாந்தி விதையைக் கொட்டி ஜனங்களை நடக்கவிட்டாரு, பீங்கான் தூசு பறக்குதுன்னு கொஞ்ச நாள்லயே கயிறு கட்டி நிறுத்திட்டாங்க. எவ்ளோ பெரிய ஆளா இருந்தாலும் மெட்டீரியல் ஒரு நாள் பதில் சொல்லிரும்.)

எல் அனட்சுய், கானாவுல பொறந்து நைஜீரியாவுல நுசுக்காவுல வேலை செஞ்சவரு, சாராய பாட்டில் மூடியையும் கழுத்துப்பட்டையையும் தட்டையாக்கி செப்புக் கம்பியால தச்சு, சுவர் அளவு துணியா ஆக்கிடுறாரு. மினுமினுன்னு இருக்கும், எல்லாரும் அதைத்தான் போட்டோ எடுப்பாங்க. எனக்குப் பெரிசா தெரியறது வேற, இதை எப்படித் தொங்கவிடணும்னு அவரு கட்டாயம் பண்றதில்ல. மடிப்பு எங்க விழணும், எவ்ளோ விரிக்கணும்னு மாட்டுறவங்க பாத்துக்கலாம், அதனால ஒரே வேலை ஒவ்வொரு மியூசியத்துலயும் வேற வடிவம். சாராயம் ஐரோப்பாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் நடுவுல அடிமை வியாபாரக் காலத்துல புழங்குன சரக்குங்கறதும் அந்த மூடிக்குள்ள இருக்கு. ஃபைனல் ஃபைல், ஃபைனல் ஃபைனல் ஃபைல்னு சேவ் பண்ற நம்ம ஆளுங்களுக்கு கடைசி வடிவத்தை அடுத்தவன் கையில விடுறதுன்னா தூக்கம் வராது.

கிறிஸ்டோ, ஜான்-க்ளோட்ங்கிற ஆர்ட்டிஸ்ட் ஜோடி பெர்லின்ல ரைக்ஸ்டாக்ங்கிற ஜெர்மன் பார்லிமென்ட் கட்டிடத்தையே துணியால மூடுனாங்க 1995ல. பதினாலு நாள் இருந்துச்சு, அம்பது லட்சம் பேரு வந்து பாத்தாங்க. ஐடியா வந்தது 1971ல. நடுவுல 24 வருஷம் அனுமதி கேட்டுக் கேட்டு அலைஞ்சது, கடைசியில ஜெர்மன் பார்லிமென்ட்ல விவாதம் நடந்து ஓட்டெடுப்பு, 292க்கு 223. செலவுக்கு ஸ்பான்சர் வாங்கல, முன்கூட்டி வரைஞ்ச டிராயிங், கொலாஜ் இதை வித்தே முடிச்சாங்க. அந்த டிராயிங்கைத் தேடிப் பாருங்க, துணியோட மடிப்பு, கயிறு போற பாதை, ஓரத்துல மேப், அளவு எல்லாம் இருக்கும், ஒரு பிரசன்டேஷன் எப்படி இருக்கணும்னு அதைவிட நல்ல பாடம் நான் பாக்கல.

டிசைன்ல ரெண்டே ரெண்டு சொல்றேன். ஜப்பான் ஃபேஷன் டிசைனர் இஸ்ஸே மியாகேயோட ப்ளீட்ஸ், அதாவது மடிப்பு வச்ச உடைகள்: எல்லாரும் துணியில மடிப்பு எடுத்துட்டு அப்பறம் தைப்பாங்க, அவரு ரெண்டு மூணு மடங்கு பெரிசா உடுப்பை முழுசா தச்சுட்டு, பேப்பருக்கு நடுவுல வச்சு சூடான பிரெஸ்ல குடுத்து அப்பறம் மடிப்பு ஏத்துனாரு. வரிசையை மாத்துனதுதான் கண்டுபிடிப்பே. இன்னொண்ணு ஜப்பான் டிசைனர் நவோட்டோ ஃபுகசாவா பண்ண சுவர்ல மாட்டுற சிடி பிளேயர், முஜிங்கிற ஜப்பான் கம்பெனி வித்தது. பாக்க எக்ஸாஸ்ட் ஃபேன், தொங்குற கயிறை இழுத்தா சிடி சுத்த ஆரம்பிக்கும், காத்துக்குப் பதிலா பாட்டு வரும். யாருக்கும் மேனுவல் தேவைப்படல, ஏன்னா கைக்கு ஏற்கனவே தெரிஞ்ச வேலை.

இதே சமயம் எதைப் பாத்து நேரத்தை வீணாக்க வேணாம்னும் சொல்லிடுறேன், சண்டைக்கு வர்றவங்க வரலாம். செத்துப்போன ஓவியர்களோட படத்தைச் சுவர் முழுக்க புரொஜெக்டர்ல ஓடவிட்டு "இம்மர்சிவ்"னு டிக்கெட் போடுற ஷோ எல்லாம் செல்ஃபிக்கு ஓகே, கத்துக்க ஒண்ணும் இல்ல, அங்க எந்தச் சிக்கலும் தீரல. அப்பறம் ஆளே இல்லாத, மழையே பெய்யாத, சாயங்கால வெளிச்சத்துல மட்டும் இருக்கற, கம்ப்யூட்டர்ல வரைஞ்ச ரெண்டர் படங்கள். கட்டி முடிச்ச கட்டிடமா இருந்தாக்கூட திறப்பு விழா அன்னைக்கு எடுத்த படத்தை நம்பாதீங்க, பல வருஷம் கழிச்சு அங்க வாழுறவங்க எடுத்த போட்டோ எங்கயாவது கிடைக்கும், அதுலதான் எங்க பாசி பிடிச்சுது, எதை யூஸ் பண்ணாம பூட்டி வச்சிருக்காங்கன்னு தெரியும். முடிஞ்சா குறுக்குவெட்டுப் படம், மாடல், வேலை நடக்கும்போது எடுத்த போட்டோ இதைத் தேடுங்க, முடிஞ்ச படம் கடைசியா பாத்தா போதும்.

நீங்க கிராஃபிக் டிசைன்ங்கறதால எங்க ஆரம்பிக்கணும்னு கேட்டா நான் கட்டிடத்துல ஆரம்பிக்கச் சொல்ல மாட்டேன், ஃபெலிக்ஸ் கோன்சாலஸ்-டோரஸ்ல ஆரம்பிங்க. கியூபாவுல பொறந்து அமெரிக்காவுல வேலை செஞ்சவரு, 1996ல எய்ட்ஸ்ல இறந்தாரு. 1991ல அவரு பண்ணது, மூலையில கலர் பேப்பர் சுத்துன மிட்டாய்க் குவியல், வர்றவங்க ஒண்ணு எடுத்துக்கலாம். அதோட எடை 175 பவுண்டுன்னு குறிச்சிருக்காரு, சுமார் 79 கிலோ. தலைப்புல இருக்கறது அதே வருஷம் எய்ட்ஸ்ல இறந்துபோன அவரோட துணையோட பேரு. ஆளுங்க எடுக்க எடுக்க எடை குறையும், மியூசியம் நெனச்சா மறுபடி நிரப்பலாம். படம் இல்ல, முகம் இல்ல, ஒரு எண்ணும் ஒரு விதியும் மட்டும்.

அவரே ஆஃப்செட்ல அச்சடிச்ச பேப்பரைக் கட்டுக்கட்டா தரையில அடுக்கி, யார் வேணா ஒரு ஷீட் உருவிட்டுப் போங்கன்னு வச்சாரு, தீந்தா திரும்ப அச்சடிக்கலாம், அடுக்கோட உசரம் இவ்ளோன்னு மட்டும் குறிப்பு. 1992ல தலையணையில ரெண்டு பேரு படுத்து எழுந்த பள்ளம் தெரியுற ஒரு கறுப்பு வெள்ளை போட்டோவை நியூயார்க்ல 24 பில்போர்டுல ஒட்டுனாரு, ஒரு எழுத்துகூட இல்லாம. போஸ்டர், பேப்பர், அச்சு, ஹோர்டிங், எல்லாம் நீங்க தினமும் தொடுற சாமான்தான். அந்த பேப்பர் அடுக்கு வேலைகளை மட்டும் ஒரு வாரம் எடுத்து, அதுல என்ன அச்சடிச்சாரு, ஓரம் எவ்ளோ விட்டாரு, எந்த அளவு ஷீட், ஏன் சிலதுல வெறும் கறுப்பு பார்டர் மட்டும்னு ஒவ்வொண்ணா பாருங்க, வேற எதையும் சேவ் பண்ணாம. ஏதாவது ஒண்ணு புரியலன்னா எந்த வேலைன்னு இங்கயே எழுதுங்க, எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்.